வெட்டவெளியில் குடியேறும் முன்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சி, நோய் பற்றிய கேள்விகளுக்கு இடையே இப்போது புதிய கேள்வி ஒன்றும் அடிக்கடி வருகிறது. "ஊரை ஒட்டியுள்ள எங்கள் நிலத்தைச் சுற்றி வீட்டுமனைகள் வந்துவிட்டன. இருப்பதை விற்றால் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பல மடங்கு நிலம் வாங்கலாம் என்கிறார்கள். நெருக்கடி இல்லாத இடம், வெட்டவெளி, நல்ல காற்று. அங்கே போய்க் குடியேறலாமா?" என்பதே அந்தக் கேள்வி. வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பியவர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், நான்கு சுவருக்குள் வேலை செய்து அலுத்துப்போன படித்த பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள்.

திறந்த வெளியில் உழைத்து, அமைதியாக வாழ வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். ஆனால் இருக்கும் நிலத்தை விற்றுப் போகிறவர் தம் குடும்பத்தின் முதல் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கிறார். திரும்பி வந்தால் பழைய நிலத்தைப் பழைய விலைக்கு வாங்க முடியாது. ஆகவே, போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. அந்த இடத்தில் ஆள் ஏன் குறைவு?

ஆள் குறைவதற்குக் காரணம் உண்டு

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 555 பேர் வாழ்ந்தார்கள். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் இது 350-க்கும் குறைவாக இருந்தது. நம் முன்னோர் நல்ல நிலத்தைச் சும்மா விட்டுவைத்தவர்கள் அல்லர். ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தால், தண்ணீர் குறைவாக இருக்கலாம். இருக்கும் தண்ணீர் உப்பாக இருக்கலாம். மண் களராகவோ உவராகவோ இருக்கலாம். பாதை இல்லாமல் இருக்கலாம்.

இவை எதுவும் இல்லாமல், உரியவர்கள் பிழைப்புக்காக வெளியூர் சென்றதால் மட்டும் தரிசாகப் போன நிலமும் உண்டு. கண்மாய் தூர்ந்துபோனதால் கைவிடப்பட்ட நிலமும் உண்டு. இத்தகைய நிலத்தைத் திருத்திப் பயன்படுத்த முடியும். ஆகவே, எந்தக் காரணத்தால் அது வெறுமையாகக் கிடக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே குடியேற விரும்புவோரின் முதல் வேலையாகும்.

கோய்டர் போட்ட கோடு

இதை விளக்க, வேளாண்மை வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் 1860-களின் நடுவில் கடும் வறட்சி வந்தது. அப்போது அங்கே தலைமை நில அளவையாளராக இருந்தவர் ஜார்ஜ் கோய்டர். 1865-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் குதிரையில் புறப்பட்டு, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் சுற்றி, எதுவரை மழையை நம்பிப் பயிர் செய்யலாம் என்று பார்த்தார். நீண்ட கால மழைக் கணக்கு அன்று அங்கே போதுமான அளவு இல்லை. அவர் செடிகளைப் பார்த்தார். மல்லி எனப்படும் யூக்கலிப்டஸ் வகைப் புதர் வளர்ந்திருந்த நிலம் ஒரு புறம். வறட்சியைத் தாங்கும் உப்புச்செடிகள் மட்டும் வளர்ந்திருந்த நிலம் மறுபுறம். இரண்டுக்கும் இடையே வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே பயிர் செய்யலாம்; வடக்கே ஆடு மாடு மட்டும் மேய்க்கலாம் என்றார்.

அடுத்த சில ஆண்டுகளில் கோட்டுக்கு வடக்கேயும் நல்ல மழை பெய்தது. மக்கள் கோய்டரைக் கேலி செய்தார்கள். "ஏர் போன இடத்துக்கு மழை தானே பின்னால் வரும்" என்ற நம்பிக்கை அக்காலத்தில் அங்கேயும் அமெரிக்காவிலும் பரவியிருந்தது. 1874-இல் அரசு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. விலை மலிந்த பரந்த வெளியைத் தேடிக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே சென்றன. கல் வீடுகள் கட்டின, கோதுமை விதைத்தன. 1878-இல் அங்கே அமைத்த ஓர் ஊருக்கு ஃபரினா என்று பெயர் வைத்தார்கள். இலத்தீன் மொழியில் அதற்கு மாவு என்று பொருள். கோதுமை மாவு குவியும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர் அது.

1880-களின் தொடக்கத்தில் வறட்சி திரும்பியது. ஆண்டுக்கு ஆண்டு கோதுமை பொய்த்தது. பட்ட கடனோடு குடும்பங்கள் தெற்கே திரும்பின. இன்று ஃபரினாவில் நிற்பவை பெரும்பாலும் இடிந்த கல் கட்டடங்களே. கோய்டரின் கோடு ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழை பெறும் எல்லையை ஒட்டி அமைந்திருந்ததைப் பிற்கால மழைக் கணக்குகள் காட்டின.

அந்தக் குடியானவர்கள் சோம்பேறிகள் அல்லர். நல்ல ஆண்டில் நிலத்தைப் பார்த்தார்கள். எல்லா ஆண்டும் அப்படியே இருக்கும் என்று எண்ணினார்கள். இவ்வளவுதான் அவர்கள் செய்த பிழை.

நம் மழைக் கணக்கு

நம் வறண்ட மாவட்டங்களில் ஆண்டு மழை அந்த அளவுக்குக் குறைவு அன்று. இராமநாதபுரத்தில் ஆண்டுச் சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டியும், தூத்துக்குடியில் 650 மில்லிமீட்டரை ஒட்டியும் உள்ளது. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாடும் மிகப் பெரிது. 2015-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் மிகுதியாகப் பெய்தது. அடுத்த ஆண்டே, 2016-இல், வழக்கமாகக் கிடைக்கும் 440 மில்லிமீட்டருக்குச் சுமார் 170 மில்லிமீட்டர்தான் கிடைத்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. 2015 டிசம்பரில் நிலம் பார்த்து வாங்கியவர், 2016 டிசம்பரில் அதே நிலத்தில் எதைப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சராசரி மழையை மட்டும் நம்ப வேண்டாம். வாங்க எண்ணும் நிலத்துக்கு அருகிலுள்ள மழைமானியின் 30 ஆண்டுக் கணக்கைக் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வோர் ஆண்டின் மழையளவையும், மிகுதியானதில் தொடங்கிக் குறைவானது வரை வரிசையாக எழுதுங்கள். அந்த வரிசையில் 23-ஆவதாக வரும் அளவுதான், ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் நீங்கள் நம்பக்கூடிய மழை. அந்த மழைக்கு என்ன பயிர் விளையுமோ அதைக் கொண்டே உங்கள் வரவைக் கணக்கிட வேண்டும். அதற்கு மேல் பெய்வதைத் தெய்வம் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

மே மாதத்தில் போய்ப் பாருங்கள்

நிலம் விற்பவர்கள் பெரும்பாலும் தை, மாசியில்தான் காட்டுவார்கள். அப்போது கண்மாயில் தண்ணீர் இருக்கும், கிணறு நிறைந்திருக்கும், வரப்பெல்லாம் பச்சையாக இருக்கும். நீங்கள் சித்திரை, வைகாசியில் மறுபடி ஒரு முறை போய்ப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கிணற்றைச் சோதிக்கும் முறை எளிது. மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்து நிறுத்துங்கள். நீர்மட்டத்தை அடையாளம் செய்துகொண்டு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு உயர்ந்துள்ளது என்று அளந்து பாருங்கள். 5 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் மட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், மணிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் ஊறுகிறது என்று பொருள். அதே கிணற்றில் மே மாதத்தில் 2 சென்டிமீட்டர் மட்டும் உயர்ந்தால், மணிக்கு 400 லிட்டர்தான். இரவு பகலாக ஊறினாலும் நாளொன்றுக்கு 9,600 லிட்டரைத் தாண்டாது. ஏக்கருக்கு 70 மரம் வீதம் 3 ஏக்கரில் தென்னை வைத்தால் 210 மரங்கள். கோடையில் சொட்டு நீர்ப் பாசனத்திலும் மரம் ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 65 லிட்டர் வேண்டும். மொத்தம் 13,650 லிட்டர் ஆகிறது. தை மாதத்தில் தாராளமாகத் தெரிந்த கிணறு, வைகாசியில் தோப்பின் ஒரு பகுதியைக் கருகவிடும்.

சுற்றியுள்ள கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் கணக்கெடுங்கள். எத்தனை போட்டார்கள், எத்தனை வற்றின, எத்தனை அடி ஆழத்தில், எத்தனை உப்பாயின என்று அக்கம்பக்கத்து உழவர்களிடம் கேளுங்கள். நீரோட்டம் பார்ப்பவர் சொல்லைவிடப் பக்கத்துத் தோட்டக்காரர் பட்ட அனுபவம் நம்பத்தக்கது.

மண்ணும் நீரும் ஆய்வு செய்யப்பட வேண்டும்

மண் மாதிரியையும் நீர் மாதிரியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் நிலம் வாங்கவே கூடாது. நீரின் மின் கடத்தும் திறன் 0.75 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 2.25-க்கு மேல் போனால், உப்பைத் தாங்கும் பயிர்களும் நல்ல வடிகாலும் இல்லாமல் அந்த நீரைப் பயன்படுத்த முடியாது. எஞ்சிய சோடியம் கார்பனேட் 2.5-க்கு மேல் உள்ள நீர் பாசனத்துக்கு உகந்ததன்று. அதை ஆண்டுக்கணக்கில் பாய்ச்சினால் நல்ல மண்ணும் களராகிவிடும்.

மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் அது களர் நிலமாக இருக்கக் கூடும். ஆய்வின்படி ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடித்துத் திருத்தலாம். ஆனால் அதற்கான செலவை நிலத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். மேல் மண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். கீழே சுண்ணாம்புப் பாறையோ இறுகிய களியோ இருந்தால் மரப்பயிர் வேர் இறங்காது.

கோய்டரைப் போலச் செடிகளையும் கவனியுங்கள். உமரி படர்ந்திருந்தால் உவர் நிலம் என்று அறியலாம். ஆனால் வேலிக்கருவையைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது ஆழமாக வேர் விடும், உப்பையும் தாங்கும். மே மாதத்தில் கருவை பச்சையாக நிற்கிறது என்பதால் கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அந்த ஊர் வீடுகளின் கொல்லையில் என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். முருங்கையும் வாழையும் தழைத்திருந்தால் ஒரு செய்தி. பனை மட்டும் நின்றால் வேறு செய்தி.

வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

பயிருக்கு முன் குடும்பம் இருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் 5 பேருக்கு 275 லிட்டர். இரண்டு கறவை மாடுகளுக்குக் கோடையில் சுமார் 140 லிட்டர். இரண்டும் சேர்ந்து 415 லிட்டர் ஆகிறது. வாங்கும் நிலத்தின் கிணறு உப்பாக இருந்தால், குடிநீர் எங்கிருந்து, யார் தலையில் வரும்? நிலம் பார்க்கப் போகும்போது வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர்க் குடம், விறகு, பிள்ளைகள் படிப்பு, பேருந்து வரும் நேரம் ஆகியவற்றை அவர்கள் கேட்பார்கள். அவர்கள் மனம் ஒப்பாத இடத்தில் குடித்தனம் நிலைக்காது.

வெட்டவெளி வாழ்க்கையில் பாம்புக்கடி ஆபத்து எப்போதும் உண்டு. பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, இரவில் போக வண்டி உண்டா என்று முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள். கடித்த இடத்தைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இருட்டில் செருப்பும் கைவிளக்கும் இல்லாமல் காலை வெளியே வைக்கக் கூடாது.

பத்திரமும் பாதையும்

வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகிய அனைத்தையும் பார்த்து, நில அளவையரை வைத்து அளந்து எல்லைக் கல்லைச் சரிபாருங்கள். கண்மாயின் நீர்ப்பிடிப்பையும் ஓடைப் புறம்போக்கையும் வேலிக்குள் காட்டி விற்பவர்கள் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை வேறு பிரிவினர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. பக்கத்து நிலத்தின் வழியாக மட்டும் போக வேண்டிய நிலமாக இருந்தால், வண்டிப்பாதைக்கான உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். இன்று வாய்ச்சொல்லால் விடும் பாதை நாளை கைமாறும்போது அடைபட்டுவிடும்.

ஆள் குறைந்த இடத்தில்தான் ஆள் தேவை

அமைதியைத் தேடிப் போகிறவர்கள் முதலில் செய்யும் வேலை, சுற்றிலும் கம்பி வேலி போட்டுக் கதவைப் பூட்டுவதாகும். இது நல்லதன்று. அந்த வட்டாரங்களில் கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்கிறார்கள். அறுவடைக்குப் பின் நிலத்தில் கிடை போடச் சொன்னால், இரவு முழுவதும் ஆட்டுப் புழுக்கையும் கோமியமும் மண்ணில் சேரும். காலங்காலமாக அந்த மண்ணைக் காத்துவந்த எரு அதுதான். அவர்களது தடத்தை அடைத்தவருக்கு எருவும் கிடைக்காது. ஊரின் நல்லெண்ணமும் கிடைக்காது.

கண்மாய்க் கரைக்கும் வரத்துக் கால்வாய்க்கும் ஊரார் கூடி வேலை செய்யும்போது நீங்களும் மண்வெட்டி எடுத்துச் செல்லுங்கள். 48 மடைகள் கொண்டது என்று புகழப்படும் இராஜசிங்கமங்கலம் கண்மாய் போன்ற பெரிய ஏரிகளை அமைத்ததும் காத்ததும் தனி ஆள் அல்ல. நெருக்கமான ஊரில் ஒருவர் உதவாவிட்டால் இன்னொருவர் உதவுவார். வெட்டவெளியில் இருப்பவர் இரண்டு மூன்று பேர்தான். அவர்களோடு பகைத்துக்கொண்டால் வேறு கதி இல்லை.

படிப்படியாகக் குடியேறுங்கள்

இவை அனைத்தையும் பார்த்த பிறகும் அந்த நிலம் உங்களுக்குச் சரியென்று பட்டால், கீழ்க்கண்ட முறையில் செல்லுங்கள்.

முதலாவதாக, வாங்கும் முன் ஓர் ஆண்டு அதே ஊரில் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யுங்கள். ஒரு கோடையை அங்கேயே கழியுங்கள். குத்தகைக்குப் போகும் பணம், தவறான நிலத்தை வாங்கி இழப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

இரண்டாவதாக, இருக்கும் நிலம் முழுவதையும் விற்காதீர்கள். வீட்டையும் ஒரு துண்டு நிலத்தையுமாவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் புறப்படக் கூடாது.

மூன்றாவதாக, வீடு கட்டும் முன் பண்ணைக் குட்டை வெட்டுங்கள். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். 50 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடினாலும், 5 ஏக்கரிலிருந்து இரண்டு இலட்சம் லிட்டர் வெளியே போகிறது. சராசரியாக 15 மீட்டர் நீளமும், 10 மீட்டர் அகலமும், 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குட்டை இதைத் தாங்கும். இந்த நீர் கோடை வரை நிற்காது. ஆனால் மழை இடையில் நின்று பயிர் வாடும்போது ஓரிரு முறை உயிர்த் தண்ணீர் கொடுக்கப் போதும். மானாவாரியில் விளைச்சலா வெறும் வைக்கோலா என்பதைத் தீர்மானிப்பது பல சமயம் அந்த ஒரு தண்ணீர்தான்.

நான்காவதாக, உள்ளூர்ப் பயிரிலிருந்து தொடங்குங்கள். இராமநாதபுரத்து உழவர்கள் புழுதியில் நெல் விதைப்பதும், குண்டு மிளகாய் போடுவதும் அந்த மண்ணையும் மழையையும் அறிந்து செய்பவை. 2023-இல் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. முதல் ஆண்டு ஓர் ஏக்கருக்கு மேல் புதுப் பயிர் வேண்டாம். நெல்லி, புளி, சீத்தா, கொடுக்காய்ப்புளி போன்ற வறட்சி தாங்கும் மரங்களைப் பருவமழையோடு நடுங்கள்.

ஐந்தாவதாக, கூடுமானால் தனியாகப் போகாதீர்கள். 2007-ஆம் ஆண்டு வாக்கில் பஞ்சாபிலிருந்து சில உழவர் குடும்பங்கள் கமுதி அருகே வல்லந்தைப் பகுதிக்கு வந்தன. பலரும் வேண்டாம் என்று ஒதுக்கிய கருவைக் காட்டைச் சேர்ந்து வாங்கித் திருத்தின. மா, கொய்யா, நெல்லி முதலிய மரங்களை வைத்துத் தோப்பாக்கின. சொந்த ஊரில் விளைந்த கோதுமையை இங்கே கொண்டுவந்து திணிக்காமல், இந்த மண்ணுக்கு ஏற்றதைத் தேர்ந்ததும், ஒன்றுகூடி முதலும் உழைப்பும் போட்டதும் கவனிக்கத்தக்கவை. சிறு உழவரால் அந்த அளவுக்கு முதல் போட முடியாது. ஆனால் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு குட்டை, ஒரு டிராக்டர், ஓர் இரவுக் காவல் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள முடியும்.

உழவர் பெருமக்களே! வெறுமையாகக் கிடக்கும் நிலம் ஏமாற்றும் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் அது உண்மையைச் சொல்லும். கோடையில் கேட்க வேண்டும். கிணற்றிடம் கேட்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் கேட்க வேண்டும். மோசமான ஆண்டிலும் அடுப்பு எரியும் என்று கணக்குப் போட்டுத் தெளிந்தவர் தயங்காமல் போகலாம். நல்ல ஆண்டு வந்தால்தான் பிழைப்போம் என்றால் இன்னும் ஓர் ஆண்டு பொறுத்திருங்கள். இந்த ஆண்டு வைகாசியில் நிலம் பார்க்கப் போகிறவர்கள், மண் மாதிரியையும் நீர் மாதிரியையும் எடுத்துக்கொண்டு அந்த மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். முன்பணம் கொடுக்க அதன் பிறகு நாள் பார்க்கலாம்.